நூற்றிருபத்தைந்து என்றுதானே போட்டிருக்கிறது

ஓவனைத் திறந்த டோரீன், கையிலிருந்த ஆட்டுத்தொடையைத் தட்டோடு அப்படியே மேடைமேல் வைத்துவிட்டு, "ஆர்னல்ட்" என்று கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில், அவள் சத்தம் போடாமல் கூப்பிட்டால்தான் ஆர்னல்ட் ஓடி வருவார்.

ஆட்டுத்தொடை போகவேண்டிய இடத்தில் ஒரு ஸ்கூட்டர் என்ஜினின் கூடு வெந்துகொண்டிருந்தது. நீளவாக்கில் ஒரு பழைய அலுமினியக் கூடு. அதன் ஓரத்திலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டி, டோரீன் தன் அம்மாவிடமிருந்து வாங்கி வந்த வறுவல் தட்டில் பொரிந்துகொண்டிருந்தது.

"பேரிங் மாத்தணும்" என்றார் ஆர்னல்ட். "கூடு சூடானாத்தான் பேரிங் கழண்டு வரும்."

"ஊர்ல சூடு பண்ண வேற எடமே கெடைக்கலியா?"

"இந்த ஓவன்தான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாகுது."

ஓவனுக்குக் கிடைத்த இந்தப் பாராட்டை டோரீன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவள் தங்கை பெரில் வருகிறாள். பெரில் நாக்கு நீளமான பெண். சாப்பாட்டிலும் சரி, பேச்சிலும் சரி. ஜன்னலையெல்லாம் திறந்து, தட்டைத் தேய்த்து, தாமதமாகக் கறியை உள்ளே வைத்து, ஒருவழியாகச் சமாளித்தார்கள். ஆனால் அதே தட்டில் சுட்ட யார்க்ஷயர் புட்டிங்கை ஒரு வாய் கடித்ததும் பெரில் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "எந்தக் கடை எண்ணெய்டி இது?" என்று கேட்டாள். ஆர்னல்ட் புதினா சாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பேரிங் கதை பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். மீதிப் பாதியைச் சொல்லும் தைரியம் அந்த மனிதருக்கு இல்லை.

கார்ஷா ஊரில் ஒரு பழைய ஸ்கூட்டர் கிளப் இருக்கிறது. உறுப்பினர்கள் அத்தனை பேரிடமும் அறுபதுகளில் வந்த இத்தாலிய லாம்ப்ரெட்டா. வருஷா வருஷம் மே மாதத்தில் ஹாகன் மேட்டின் கல்குவாரிச் சாலையில் மேலேறும் போட்டி நடக்கும். விதி ஒன்றே ஒன்றுதான்: நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டி மட்டும். கம்பெனி அடித்துக் கொடுத்த என்ஜின் நம்பர் கூட்டின் மேலேயே இருக்கும். நூற்றிருபத்தைந்து என்றால் நம்பரின் தலைப்பிலேயே அது பொறித்திருக்கும். அதைச் சரிபார்க்கும் பரிசோதகர் நம் ஆர்னல்ட்தான்.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சில் இருப்பதைப் படிப்பது அவர் ரத்தத்தில் ஊறியது. போட்டியன்று காலையில் ஒரு பழைய கித்தானை விரித்து வண்டிக்குப் பக்கத்தில் படுப்பார். டார்ச் அடித்து, கைக்குட்டையால் நம்பரைத் துடைத்து, உரக்கப் படித்து, முன் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவார். தலைவர் டெஸ்மண்டின் வண்டியானாலும் அதே கித்தான், அதே டார்ச். ஒன்பது வருஷமாகப் பரிசோதகர் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. கைதட்டித் தேர்ந்தெடுப்பார்கள். "உன்னை மாதிரி ஆளு கெடைக்க மாட்டான்" என்பார் டெஸ்மண்ட், ஒவ்வொரு வருஷமும் கண் கலங்காத குறையாக.

அந்த ஒன்பது வருஷமும் போட்டியில் ஆர்னல்ட்தான் கடைசி. அதற்கு முன்னெல்லாம் நடுவில் எங்கேயாவது வந்துகொண்டிருந்தவர்தான். வயதாகிறது, உடம்பும் போட்டுவிட்டது, வேறென்ன என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

கடைசியாக வருவதில்கூட அவருக்கு வருத்தமில்லை. கடைசியாக வருகிறவர், அடுத்த மே வரைக்கும் கிளப் எங்கே போனாலும் சாலை வேலைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறப் பளபளப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தின் வாலாக வரவேண்டும். அது கிளப்பின் வழக்கம். போன கோடையில் கடற்கரைக்குப் போனபோது, சட்டையோடு ஓரமாக நின்ற ஆர்னல்டைப் பார்த்து ஒரு அம்மாள், சாலையை எப்போது திறந்துவிடுவீர்கள் என்று கேட்டுவிட்டாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த டோரீன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். அன்றிரவு படுக்கப் போகும்போது, "அடுத்த வருஷம் நான் பஸ்ல வர்றேன்" என்றாள்.

அதுதான் ஆர்னல்டைத் தைத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு போனதே இந்த ஸ்கூட்டரில்தான். அவள் பஸ்ஸில் போவதாக இருந்தால் அந்த ஸ்கூட்டர் எதற்கு, ஞாயிற்றுக்கிழமைதான் எதற்கு?

ஆகவே அவர் ஒரு முடிவெடுத்தார். ஜெயிக்க வேண்டாம். கடைசியாக மட்டும் வராமலிருந்தால் போதும். அதற்கு இருநூறு சி.சி. சிலிண்டர் போதுமானது.

ஆனால் பெரிய சிலிண்டர் சின்னக் கூட்டில் உட்காராது. வாய் குறுகல், நான்கு போல்ட்டுகளும் நெருக்கமாக நிற்கும். வாயைக் கடைந்து அகலமாக்கி, பழைய போல்ட் ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்து, தள்ளிப் புது ஓட்டை போட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கூடு அதே கூடு. நம்பர் அதே நம்பர்.

இந்த வேலையைச் செய்யக்கூடியவர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். ரயில்பாலத்து வளைவுக்கடியில் லேத் போட்டிருக்கும் க்ராப்ட்ரீ. ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பிப்பதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார் ஆர்னல்ட். துணி சுற்றிய கூட்டைப் பார்த்ததுமே க்ராப்ட்ரீ, "இருநூறா, இருநூத்தி இருபத்தஞ்சா?" என்று கேட்டார்.

"இருநூறு" என்றார் ஆர்னல்ட். நண்பர் எங்கோ காணாமல் போய்விட்டார்.

"நம்பர் பக்கம் சூடு படாம வெல்டு வைக்கிறேன். நம்பர் பத்திரமா இருக்கும்."

நம்பர் பத்திரமாக இருக்கவேண்டும் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆர்னல்ட் ஒரு கணம் யோசித்தார். சுத்தமான வேலைக்காரர், அவ்வளவுதான் என்று தீர்மானித்துக்கொண்டார்.

சுத்தமான வேலைக்காரரானாலும் கூடு ஒத்துழைக்க வேண்டுமே. கடையும்போது ஒரு பக்கச் சுவர் எதிர்பார்த்ததைவிட மெலிசாக இருந்து, உளி கியர்பாக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. அந்த ஓட்டையை க்ராப்ட்ரீ வெல்டு வைத்து அடைத்தார். அரை நூற்றாண்டாக எண்ணெய் குடித்த அலுமினியம், வெல்டு பட்டதும் சீறிச் சீறித் துப்பியது. எல்லாம் முடிந்து பார்த்தால், அந்தச் சூட்டில் பேரிங் உட்காரும் குழி கோணிக்கொண்டுவிட்டது. குழியை வெல்டில் நிரப்பி மறுபடி கடைந்து கொடுத்த க்ராப்ட்ரீ, புது பேரிங்கை உட்கார வைக்கக் கூட்டை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். நிதானமாக, ஒரே சீராக, ஓவனில் வைத்து.

வீட்டு ஓவனை இனி நினைத்துப் பார்க்கவே முடியாது. யோசித்து யோசித்து ஆர்னல்டுக்கு சர்ச் மண்டபத்துச் சமையலறை ஞாபகம் வந்தது. வாட்டசாட்டமான ஓவன், வியாழக்கிழமை மதியம் வரை ஆள் நடமாட்டம் கிடையாது. சாவி வைத்திருந்த பெண்மணியிடம், ரொட்டி சுடப் பழகவேண்டும், வீட்டில் பழக வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

பேரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் அன்று மதியம் மாதர் சங்கத்தார் அதே ஓவனில் சுட்ட ஸ்கோன் ரொட்டிகள் எண்ணெய்ப் புகை படிந்து லேசாக நீல நிறத்தில் வந்தன. அதைவிட மோசம், ஆர்னல்ட் ரகசியமாகச் சமையல் பழகுகிறார் என்ற செய்தி சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவி, டோரீன் காதுக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள்.

அவள் நடையே மாறிவிட்டது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். அவர் தோட்டத்துக் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம், "போ, போ, நான் ஒண்ணும் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது கேக் இல்லையென்றால் இவர் கதை முடிந்தது.

நிஜமாகவே ஒரு கேக் சுட்டுப் பார்த்தார். அதைப் புறாக்கள்கூடக் கொத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. கடைசியில் பக்கத்து ஊர் பேக்கரிக்குப் போய் ஒரு பழக்கேக் வாங்கி, வீட்டில் சுட்டதுபோலத் தெரிய ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கி, தன் சட்டையில் கொஞ்சம் மாவைத் தூவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். டோரீன் கேக்கையும் பார்த்தாள், சட்டையையும் பார்த்தாள். "எனக்காகவா" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆர்னல்ட் தன் துண்டைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

என்ஜினைக் கோத்து வண்டியில் ஏற்றியதும் அடுத்த தலைவலி ஆரம்பித்தது. பெரிய சிலிண்டருக்குப் பெரிய கார்பரேட்டர் வேண்டும்; பெரிய கார்பரேட்டர் வைத்தால் சைடு பேனல் மூடாது. பேனலை உள்பக்கமாகத் தட்டினார், வெளியே பெயின்ட் வெடித்தது. வெடிப்பின்மேல் கிளப் ஸ்டிக்கரை ஒட்டினார். கிக்கரை உதைத்தால் அது திருப்பி உதைத்தது. நொண்டிக்கொண்டே வந்தவரை டோரீன் உட்காரவைத்து, சமையலறையில் நின்று நின்றுதான் முட்டி போய்விட்டது, இனிமேல் எனக்காகக் கஷ்டப்படாதே என்று தைலம் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அந்த மனிதர் மனசுக்குள் ஒரு முறை செத்தார்.

சத்தம்தான் பெரிய பிரச்சினை. நூற்றிருபத்தைந்து தையல் மெஷின் மாதிரி ஓடும், இது உறுமியது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சைலன்சருக்குள் நிறையத் திணித்தார். சத்தம் அடங்கியது. தெருமுனை வரைக்கும் அடங்கித்தான் இருந்தது. முனையில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் நார் மொத்தமும் புகையோடு பறந்து, அடுத்த வீட்டுக்காரர் பெயின்ட் அடித்து ஈரமாக வைத்திருந்த கதவில் போய் அப்பிக்கொண்டது. அந்தக் கதவுக்கு ஆர்னல்ட் மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சைலன்சருக்குள் தகரத் தட்டு ஒன்றைப் போல்ட் போட்டு வைத்து ஒருவழியாகக் குரலைக் கம்மச் செய்தார். ஜலதோஷம் பிடித்த நூற்றிருபத்தைந்து என்று சொன்னால் நம்பலாம்.

போட்டி நாள் வந்தது. கித்தானை விரித்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். எல்லாம் நூற்றிருபத்தைந்து. துடைத்துப் படித்து டிக் போட்டார். இத்தனை யோக்கியமான மனிதர்களுக்கு நடுவில் நான் ஒருவன் இப்படி ஆகிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டார். பொருளாளர் முரியலின் வண்டிக்கு வந்தபோது மனசு இன்னும் கனத்தது. எழுபது தாண்டியவர், இரண்டு முட்டியும் ஆஸ்பத்திரியில் மாற்றி வைத்தது. இன்றுவரை ஒரு போட்டியையும் விட்டதில்லை.

பரிசோதகரின் வண்டியைத் தலைவர் பார்க்கவேண்டும் என்பது வழக்கம். டெஸ்மண்ட் குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு டிக்கைப் போட்டுவிட்டு, "உன்னைப் போய்ச் சோதிக்கிறதா" என்று தோளில் தட்டினார். அடித்திருந்தால்கூட ஆர்னல்டுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவருடைய திட்டம் எளிமையானது. இருநூறை முழுசாக முறுக்கினால் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், சந்தேகம் வரும். அதனால் பாதி முறுக்கு. நடுவில் எங்கேயாவது அடக்கமாக வந்துவிடவேண்டும்.

குவாரிக் காவலாளி துணியை வீசினான். கூட்டம் கிளம்பியது. ஆர்னல்ட் அடக்கமாகப் பாதி முறுக்கினார். முதல் வளைவில் அவர்தான் கடைசி.

கொஞ்சம் கூட்டினார். அப்போதும் கடைசிதான். ஏதோ கோளாறு என்று பதறி, இரண்டாவது வளைவில் வெட்கத்தை விட்டு முழுசாக முறுக்கினார். என்ஜின் தகரத் தட்டைத் துப்பியெறிந்துவிட்டு உறுமியது. வண்டி பாய்ந்தது. ஒவ்வொரு முதுகாகத் தாண்டினார். கண்ணில் நீர் வழிய, தாடை நடுங்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். அப்படியும் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. முதலில் டெஸ்மண்ட். இரண்டாவது முரியல். இவர் போய்ச் சேர்ந்தபோது முரியல் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேட்டு உச்சியிலிருந்த மதுக்கடை வாசல் மேஜையில் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆர்னல்டுக்குத் தலை சுற்றியது. நூற்றிருபத்தைந்தை வைத்துக்கொண்டு, மாற்றி வைத்த முட்டியோடு, அந்த அம்மாள் இரண்டாவது வந்திருக்கிறார். திருட்டுத்தனமாக இருநூறைப் போட்டும் நான் மூன்றாவது. நியாயமாக ஓட்டுகிற இவர்கள் எப்பேர்ப்பட்ட வண்டியோட்டிகள். நான் எப்பேர்ப்பட்ட அற்பன்.

டோரீன் பெரிலோடு கார் நிறுத்துமிடத்திலிருந்து ஓடிவந்து எல்லோர் முன்னாலும் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். திரும்பும்போது அவர் பின்னால்தான் உட்கார்ந்து வருவாளாம். டெஸ்மண்ட் பெஞ்சுமேல் ஏறி, ஒன்பது வருஷம் பொறுமையாகக் கடைசியில் வந்த மனிதருக்கு இன்று பலன் கிடைத்தது, நேர்மை ஜெயித்தது என்று பேச ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குமேல் ஆர்னல்டால் தாங்க முடியவில்லை.

"நிறுத்து டெஸ்மண்ட்" என்றார். "என் வண்டி நூத்தி இருபத்தஞ்சு இல்ல. க்ராப்ட்ரீகிட்ட குடுத்துக் கூட்டைக் கடைஞ்சு இருநூறு போட்டிருக்கேன். நம்பர்தான் பழசு. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. அவர் டோரீன் பக்கம் திரும்பினார்.

"சமையல் பழகலை டோரீன். பேரிங்தான் சுட்டேன். அந்தக் கேக்கும் கடையில வாங்கினது. நீ பஸ்ல போறேன்னு சொன்னதைத் தாங்க முடியல."

டோரீன் தன் கைப்பையைப் பெரிலிடம் கொடுத்தாள். "கேக்கு அடியில விலைச்சீட்டு இருந்துச்சு" என்றாள். "மாவைப் பூசிக்கிட்டு வந்து நின்னே பாரு, அதுக்குத்தான் அழுதேன்."

அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தைரியத்தில் ஆர்னல்ட், சட்டைப் பையில் குத்தியிருந்த பரிசோதகர் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இதை வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை, இன்றோடு விலகிக்கொள்கிறேன், நேர்மையான ஒருவரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். டெஸ்மண்ட் பெஞ்சிலிருந்து இறங்கித் தன் பூட்ஸைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தன் வண்டியின் சைடு பேனலுக்கு முன்னால் மெதுவாக நகர்ந்து நின்றுகொண்டார். எல்லோர் முகத்திலும் கோபத்துக்குப் பதில் ஒரு கலவரம் இருந்தது. ஆர்னல்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

முரியல் டீக் கெண்டியைக் கீழே வைத்தார். பேட்ஜை எடுத்து, நிதானமாக வந்து, அதை மறுபடியும் ஆர்னல்டின் சட்டையில் குத்திவிட்டார்.

"உக்காரு கண்ணு, டீ ஆறுது" என்றார். "நீ வெலகிட்டா வேற ஆளைத்தானே போடணும், அவன் நம்பரோட நிறுத்தாம என்ஜினைக் கழட்டிப் பாத்துட்டா நாங்கல்லாம் எங்க போறது?"